பணத்தையோ வண்டியையோ பிடித்துவிட்டார்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு வரும் வியாபாரியாக இருக்கட்டும், கனி மார்க்கெட்டில் மொத்தமாகத் துணி எடுக்க வருகிறவராக இருக்கட்டும், சோதனையில் அதிகாரிகள் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எங்களிடம் வரும்போது கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பணம் போயிருச்சுங்களா வக்கீல் சார்?"

போகவில்லை. பிடித்த பொருளை அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. அது அரசுக்கே சொந்தமாக வேண்டுமென்றால் அதற்குத் தனி உத்தரவு வேண்டும், அதற்கு முன் உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 300ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு தானாக வந்து வேலை செய்யாது. பிடிபட்ட அந்த அரைமணி நேரத்தில் என்ன சொன்னோம், எதில் கையெழுத்துப் போட்டோம், எந்தக் காகிதத்தை வாங்கி வந்தோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் நகரும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் ரூ.50,000-க்கு மேல் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதற்கு மேல் கொண்டுபோனால் கணக்குக் காட்டத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பயந்துபோய் வண்டி சீட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பதும், கூட வருகிற நாலு பேர் மடியில் பிரித்துக் கட்டுவதும்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. அதைவிடக் கெடுதல், வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்வது. சோதனைச் சாவடியில் "தங்கச்சி கல்யாணத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கலெக்டர் ஆபீசில் மாடு விற்ற ரசீதை நீட்டினால் எப்படி எடுபடும்? தேர்தல் நேரத்தில் சோதனை செய்யும் பறக்கும் படை எல்லாவற்றையும் வீடியோ எடுக்கிறது. முதலில் சொன்னது அதில் பதிவாகியிருக்கும்.

வங்கியில் எடுத்த பணமென்றால் பாஸ்புக் பதிவு, மாடு விற்ற பணமென்றால் சந்தை ரசீது, மஞ்சள் விற்ற பணமென்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து பில். இவற்றில் எது பொருந்துமோ அதைப் பணத்தோடு வைத்திருங்கள். 2016 மே மாதம் திருப்பூர் அருகே மூன்று கண்டெய்னர் லாரிகளில் ரூ.570 கோடி பிடிபட்டது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வங்கிப் பணம் என்று சொன்ன அந்தத் தொகைக்கே காகிதம் சரிபார்த்த பிறகுதான் வழி கிடைத்தது. இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். அவசரத்துக்கு ஒரு பொய் பில் தயார் செய்தால், திரும்பக் கிடைக்க வேண்டிய பணமும் சிக்கும், புது வழக்கும் சேரும்.

பணத்தைப் பிடித்தவர்கள் ரசீது தர வேண்டும். மேல்முறையீடு யாரிடம் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இதற்காகவே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல், வேட்பாளரோடும் கட்சியோடும் தொடர்பில்லாத பணமென்றால் குழுவே விடுவிக்கலாம். வழக்கு எதுவும் பதியாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக்கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. "எலெக்‌ஷன் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் மறுநாளே மனுக் கொடுங்கள்.

இனி போலீஸ் வழக்குகள். நான் பார்த்தவரையில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது மகஜர்தான், அதாவது என்னென்ன பிடித்தார்கள் என்று அந்த இடத்திலேயே எழுதும் தாள். கை நடுங்கும், சுற்றி ஆட்கள் நிற்பார்கள், "கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்பார்கள். படிக்காமல் போடாதீர்கள். வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். உங்களிடம் இருந்தது ரூ.3,18,500 என்றால் மகஜரில் அதே தொகை இருக்க வேண்டும், 500 ரூபாய் நோட்டு எத்தனை, 100 ரூபாய் நோட்டு எத்தனை என்று இருக்க வேண்டும். "சுமார் மூன்று லட்சம்" என்று எழுதியிருந்தால் மீதி ரூ.18,500-ஐ நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பீர்கள்? நகை என்றால் எடையும் அடையாளமும், செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருக்கட்டும். தவறு தெரிந்தால் கையெழுத்துக்கு மேலேயே உங்கள் கையால் சரியானதை எழுதுங்கள். அதற்கு விடவில்லை என்றால் அன்றைக்கே எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். நாலு மாதம் கழித்துச் சொன்னால் ஜோடித்த கதை என்பார்கள்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. வீட்டில் சோதனை நடந்தால் அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருக்க வேண்டும், எடுத்த பொருள்களின் பட்டியல் நகல் வீட்டுக்காரருக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குவது அதிகாரியை எதிர்ப்பதாகாது. மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஒப்புதல் வாக்குமூலம் என்று போலீஸ் எழுதிக்கொள்வது உங்களுக்கு எதிராகக் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதன் வழியாக ஒரு பொருள் கிடைத்ததாகக் காட்டினால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். உங்கள் பீரோவில் இருந்த உங்கள் மனைவியின் சங்கிலியை, "திருடியதை நானே எடுத்துக் கொடுத்தேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதை உடைக்க வருஷக்கணக்கில் போராட வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் அவருக்கு உரிமை உண்டு, விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாது என்றாலும்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் டயர் உளுத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் அதில் பலவும் ஒரு மனுவில் வெளியே வந்திருக்கும். பிடித்த வண்டியை ஸ்டேஷனில் வீணாகப் போட்டுவைக்கக்கூடாது, போட்டோ எடுத்து உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. "ஸ்டேஷன்ல பேசி வாங்கிக்கலாம்" என்று அலையாமல் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆர்.சி. பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள், கோர்ட் ஆர்.சி.யில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். வண்டி கைக்கு வந்த பிறகு வழக்கு முடியும்வரை விற்கவோ உருமாற்றவோ கூடாது. மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட வண்டிக்கு நடைமுறை வேறு. வாடகைக்கு விட்டிருந்தாலும் உங்களுக்கு நோட்டீஸ் வரும், எனக்குத் தெரியாமல் நடந்தது என்பதைக் காலத்தில் எழுத்தில் கொடுத்து நிரூபித்தாக வேண்டும்.

இப்போது திருப்பூரில் சின்ன பனியன் வியாபாரிகளை வாட்டுவது வங்கிக் கணக்கு முடக்கம். யாரோ மோசடி செய்த பணம் பில்லுக்கான பேமென்ட்டாக வந்திருக்கும், எங்கேயோ வடமாநிலத்து சைபர் போலீஸ் கணக்கை நிறுத்திவிடும். வங்கி மேனேஜரோடு சண்டை போட்டுப் பயனில்லை. "ஓப்பன் பண்ணித் தர்றேன்" என்று கமிஷன் கேட்பவரிடம் காசு கொடுக்கவும் வேண்டாம். எந்த மாநிலப் போலீஸ், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பில், இ-வே பில், டெலிவரி சான்று எல்லாவற்றையும் அந்த விசாரணை அதிகாரிக்கு மெயிலில் அனுப்பி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் கோர்ட். முடக்கியதை போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் தாமதமாகத் தெரிவித்தாலே முடக்கம் ரத்தாகிவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

2012-ல் பெருந்துறைப் பக்கம் மக்களிடம் முதலீடு வாங்கிய ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்த பிறகு, முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொத்துகளை அரசு முடக்கியது பலருக்கு நினைவிருக்கும். அப்படி முடக்கிய நிலத்தை நீங்கள் முன்பே நேர்மையாகக் கிரயம் வாங்கியிருந்தால், கோவை சிறப்பு நீதிமன்றம் முடக்கத்தை உறுதி செய்வதற்கு முன்பே ஆட்சேபணை போட வேண்டும். நோட்டீஸ் வராவிட்டாலும் போடலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைப்பார். போகும்போது மகஜர் நகலையும் ரசீதையும் கையோடு எடுத்துப் போங்கள்.