கோவை, திருப்பூர் பக்கம் உளவியலாளரைத் தேடும்போது

தூக்கம் வரவில்லை, பனியன் கம்பெனி வேலையில் மனசு ஒட்டவில்லை என்றால் நம்ம பக்கம் முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போவார்கள்; சரி, போய்விட்டு வாங்க, அப்புறம் இதையும் பாருங்க. மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர். உளவியலாளர் மாத்திரை தரமாட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசி, தேவைப்பட்டால் கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்து, எந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு படபடக்கிறது என்று உங்களையே நோட்டில் எழுதிவரச் சொல்வார். ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் ஒருவர் தன்னைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (சிகிச்சை தரும் உளவியலாளர்) என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (RCI) பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்க, மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். கையில் காசில்லையா, கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாமுங்க.