கெஸ்ட் நினைவகப் பாதுகாப்பை ஒரே இடத்தில் அமைத்தல்: கியூஎமு பயனர்களுக்கான தொடக்கநிலைச் செய்முறை

ஒரு வழங்கியில் பலருடைய மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கும்போது, அந்த வழங்கியை (ஹோஸ்டை) நிருவகிப்பவர் நினைத்தால் எந்த கெஸ்டின், அதாவது அதில் இயங்கும் எந்த மெய்நிகர் இயந்திரத்தின், நினைவகத்தையும் திறந்து படித்துவிட முடியும். வட்டினை மறைகுறியாக்கி வைத்திருந்தாலும், இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் நினைவகத்தில் சாவியும் தரவும் வெளிப்படையாகவே இருக்கும். திருகோணமலையிலுள்ள சில சிறு நிறுவனங்களின் கணக்குகளையும் நோயாளர் பதிவுகளையும் தாங்கும் இயந்திரங்களை நான் நிருவகித்து வருகிறேன். அவற்றின் உரிமையாளர்கள் என்னை நம்புகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய ஒரு நாட்டில், அந்த நம்பிக்கையை மட்டும் காட்டிக்கொண்டிருப்பது போதாது. நிருவாகியான என்னாலேயே படிக்க முடியாதபடி இயந்திரத்தை அமைத்துக் கொடுப்பதே முறையானது.

இதற்கான வன்பொருள் வசதிகள் பல உள்ளன. ஏஎம்டியின் எபிக் செயலிகளில் எஸ்ஈவி, ஐபிஎம்மின் பவர் இயந்திரங்களில் பிஈஎஃப், ஐபிஎம் இசட்15 முதலான பெருங்கணினிகளில் பாதுகாக்கப்பட்ட மெய்நிகராக்கம், இன்டெல் வழங்கிச் செயலிகளில் டிடிஎக்ஸ் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி வழிமுறையும் உண்டு. மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளான கியூஎமுவில் 2018 இல் வெளிவந்த 2.12 ஆம் பதிப்பு எஸ்ஈவிக்கு மட்டும் 'மெமரி-என்கிரிப்ஷன்' என்ற தெரிவைத் தந்தது. மற்ற வன்பொருள்களும் ஒவ்வொரு தெரிவாகச் சேர்த்துக்கொண்டே போனால் நிருவாகிகளின் நிலை என்னவாகும் என்று எண்ணி, டேவிட் கிப்சன் முன்னெடுத்த மாற்றங்களின் வழியாக 2021 இல் வந்த 6.0 ஆம் பதிப்பில் 'கான்ஃபிடென்ஷியல்-கெஸ்ட்-சப்போர்ட்' என்ற பொதுத் தெரிவு சேர்க்கப்பட்டது. பழைய தெரிவு இன்னும் ஏற்கப்படுகிறது. எனினும் உள்ளே அது புதிய தெரிவுக்கே கொண்டு செல்கிறது. புதிதாகக் கற்பவர்கள் பழையதைத் தொடவே வேண்டாம்.

லினக்ஸ் முனையத்தில் பணியாற்றவும், கேவிஎம் துணையுடன் ஒரு சாதாரண இயந்திரத்தைத் துவக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டெழுத வேண்டும். என்னிடம் இருப்பது ஏஎம்டி வழங்கி என்பதால் முதலில் எஸ்ஈவியைக் கொண்டே விளக்குகிறேன்.

படி 1: ஹோஸ்டைச் சோதித்தல்

பயாஸ் அமைப்பில் எஸ்எம்ஈஈ என்ற தெரிவு இயக்கப்பட்டிருக்க வேண்டும். பின்னர் கேவிஎம்-ஏஎம்டி தொகுதியின் அளவுருக்களுள் 'செவ்' என்ற கோப்பைப் படித்தால் 'ஒய்' அல்லது 1 என வர வேண்டும். 'டெவ்' அடைவில் 'செவ்' என்ற சாதனக் கோப்பும் இருக்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட 'செவ்சிடிஎல் ஓகே' என்ற கட்டளையை இயக்குவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் எது இல்லை என்பதை அது வரிவரியாகச் சொல்லிவிடும்.

படி 2: பாதுகாப்புப் பொருளை வரையறுத்தல்

-ஆப்ஜெக்ட் செவ்-கெஸ்ட்,ஐடி=காப்பு0,சிபிட்பாஸ்=51,ரெடியூஸ்ட்-ஃபிஸ்-பிட்ஸ்=1,பாலிசி=5

சிபிட்பாஸ் என்பது, ஒரு நினைவகப் பக்கம் மறைகுறியாக்கப்பட்டதா என்பதைக் குறிக்கும் பிட் முகவரியில் எந்த இடத்தில் உள்ளது என்பதாகும். முதல் இரண்டு தலைமுறை எபிக் செயலிகளில் அது 47. மூன்றாம் தலைமுறையில் 51. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளிலிருந்து 47 ஐ அப்படியே பிரதி செய்தால் புதிய வழங்கியில் கியூஎமு துவங்க மறுத்துவிடும். மெய்நிகர் இயந்திரங்களை நிருவகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் 'விர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ்' என்ற கட்டளை உங்கள் வழங்கிக்கு உரிய சரியான எண்ணைக் காட்டும்.

பாலிசி என்பது பிட்களின் தொகுப்பு. அதில் 1 என்பது பிழைதிருத்த வாயிலை அடைக்கிறது. இதை விட்டுவிட்டால் ஹோஸ்ட் அதே வாயில் வழியாக நினைவகத்தைத் தெளிவுரையாகப் பெற்றுவிட முடியும். 4 என்பது செயலியின் பதிவேடுகளையும் மறைக்கும் எஸ்ஈவி-ஈஎஸ் நிலையைக் கட்டாயமாக்குகிறது. இரண்டும் சேர்ந்தது 5.

ஐடிக்கு பெரும்பாலான குறிப்புகளில் 'செவ்0' என்ற பெயரையே காண்பீர்கள். அதை நான் ஏற்பதில்லை. எந்த வன்பொருளையும் சாராத ஒரு பெயரை வைத்துக்கொண்டால், நாளை இயந்திரத்தை வேறு வகை வழங்கிக்கு மாற்றும்போது இந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். அடுத்து வரும் வரியில் பாதுகாப்பைக் குறிக்கும் பகுதி மாறாது.

படி 3: இயந்திரத்துடன் இணைத்தல்

-மெஷின் கியூ35,கான்ஃபிடென்ஷியல்-கெஸ்ட்-சப்போர்ட்=காப்பு0

இந்த இணைப்பு இல்லாவிட்டால் படி 2 இல் எழுதியது எந்தப் பயனுமின்றிக் கிடக்கும். இயந்திரமும் பாதுகாப்பில்லாமல் இயல்பாகவே துவங்கிவிடும். எனவே துவங்கிவிட்டது என்பதைக் கொண்டு வெற்றி பெற்றதாக முடிவு செய்யக் கூடாது. ஃபர்ம்வேராக, மெய்நிகர் இயந்திரங்களுக்கான யூஈஎஃப்ஐ ஆகிய ஓவிஎம்எஃப் தேவை. பழைய வகை பயாஸ் இங்கே உதவாது.

படி 4: விர்ட்டியோ சாதனங்கள்

தொடக்கநிலையாளர் பலரும் நின்றுவிடும் இடம் இதுதான். எனக்கும் அதிக நேரத்தை எடுத்த படி இதுவே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

விர்ட்டியோ என்பது மெய்நிகர் சாதனங்களுக்கான பொது இடைமுகம். அவ்வகை வட்டும் வலையட்டையும் உண்மையில் ஹோஸ்டில் உள்ள கியூஎமுவின் பகுதிகள். வழக்கமாக அவை கெஸ்டின் நினைவகம் முழுவதையும் நேரடியாகப் படிக்கும். நினைவகம் மறைகுறியாக்கப்பட்ட பின்னர் அவ்வாறு படித்தால் அவற்றுக்குக் கிடைப்பது பொருளற்ற எண்களே. ஆகவே கெஸ்டின் கெர்னல், மறைகுறியாக்கப்படாத ஒரு சிறு பகுதியை நினைவகத்தில் ஒதுக்கிக்கொண்டு, சாதனத்துக்குச் செல்ல வேண்டிய தரவை முதலில் அங்கே பிரதி செய்து, சாதனம் தருவதையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. வாசலில் பொருளை வைத்து மாற்றிக்கொள்வதற்கு இதை ஒப்பிடலாம்; வருபவர் வீட்டுக்குள் நுழைவதில்லை.

ஆனால் இந்தச் சாதனத்துடன் இவ்வாறுதான் பழக வேண்டும் என்பது கெஸ்டின் விர்ட்டியோ இயக்கிக்குத் தெரிய வேண்டும். அதை அறிவிப்பது 'ஐஓஎம்எம்யூ_பிளாட்ஃபார்ம்' என்ற பண்பு. விர்ட்டியோ வரையறையில் அது 33 ஆம் இலக்க அம்சப் பிட். பழைய விர்ட்டியோ இடைமுகமோ 32 பிட்களை மட்டுமே பேச வல்லது. ஆதலால் பிட் 33 ஐ அதன் வழியாக ஒப்புக்கொள்ளவே முடியாது. இதனால்தான் 'டிசேபிள்-லெகசி' என்ற மற்றொரு பண்பையும் சேர்த்து இயக்க வேண்டியுள்ளது. ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டால் ஏன் வட்டு தென்படுவதில்லை என்பதற்கான விடை இவ்வளவே.

முன்பு ஒவ்வொரு சாதன வரியிலும் இவ்விரண்டையும் கையால் எழுத வேண்டியிருந்தது. பொதுத் தெரிவைப் பயன்படுத்தும்போது கியூஎமு இவ்விரண்டையும் எல்லா விர்ட்டியோ சாதனங்களுக்கும் இயல்புநிலையாக இயக்கிவிடுகிறது. ஒரே மாதிரியான பக்கங்களை இணைக்கும் 'மெம்-மெர்ஜ்' வசதியையும் நிறுத்திவிடுகிறது. மறைகுறியாக்கப்பட்ட பக்கங்கள் ஒன்றுபோல் இருக்கப் போவதில்லை என்பதால் அந்த வசதிக்கு இங்கே வேலையும் இல்லை. ஒருங்கிணைந்த அமைப்பின் உண்மையான பயனை நான் இங்கேதான் காண்கிறேன். பாதுகாப்பு என்பது பல சாதனங்களில் சிதறிக் கிடக்கும் அடையாளங்களாக இல்லாமல் இயந்திரத்தின் ஒரே பண்பாகிவிடுகிறது. ஒரு சாதனத்தில் மறந்துபோவதற்கு இடமில்லை.

எனினும் இவை இயல்புநிலைகள் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பழைய துவக்கக் கோப்பில் ஏதேனும் ஒரு சாதனத்துக்கு 'டிசேபிள்-லெகசி=ஆஃப்' என்று எழுதியிருந்தால் அதுவே வெல்லும். லிப்விர்ட் பயன்படுத்துவோர் சாதன மாதிரியாக 'விர்ட்டியோ-டிரான்சிஷனல்' என்பதைத் தவிர்க்க வேண்டும். வலையட்டையின் துவக்க ரோமையும், 'ரோம்ஃபைல்=' என வெறுமையாக விட்டு, நீக்கிவிடுங்கள்; அதில் உள்ள ஐபிஎக்ஸ்ஈ என்ற வலைவழித் துவக்க நிரல் இந்தப் புதிய முறையை அறியாது.

படி 5: உறுதிசெய்தல்

வழங்கி கொழும்பிலும் நான் திருகோணமலையிலும் இருப்பதால் வரைகலைத் திரையை நம்பாமல் சீரியல் கன்சோலையே பயன்படுத்துகிறேன். துவக்கத்தின் நடுவில் ஏதாவது நின்றுவிட்டால் கடைசி வரி எது என்பதைக் கன்சோல் பதிவில் தெளிவாகக் காணலாம். கெஸ்டின் உள்ளே 'டிமெஸ்ஜி' (கெர்னல் பதிவைக் காட்டும் கட்டளை) வெளியீட்டில் நினைவக மறைகுறியாக்க அம்சங்கள் இயங்குவதாக ஒரு வரி வர வேண்டும். பாலிசி 5 எனில் அதில் எஸ்ஈவி, எஸ்ஈவி-ஈஎஸ் இரண்டும் இருக்க வேண்டும். ஹோஸ்ட் பக்கம், கியூஎமுவின் கட்டுப்பாட்டு இடைமுகமான கியூஎம்பி வழியாக 'குவெரி-செவ்' என்று கேட்டும் பார்க்கலாம்.

ஆனால் இந்தச் சோதனை நிருவாகிக்குப் போதுமேயன்றி, இயந்திரத்தின் உரிமையாளருக்குப் போதாது. அமைப்பை எழுதுபவர் நிருவாகிதான். அவர் காட்டும் பதிவை உரிமையாளர் ஏன் நம்ப வேண்டும்? அதற்காகவே துவக்க அளவீடு உள்ளது. இயந்திரத்தை இடைநிறுத்திய நிலையில் துவக்கி, செயலியின் பாதுகாப்புப் பகுதி கணித்துத் தரும் அளவீட்டை உரிமையாளர் தம் கணினியில் 'விர்ட்-கியூஎமு-செவ்-வேலிடேட்' கருவியால் சரிபார்த்த பின்னரே வட்டின் மறைச்சாவியைக் கொடுக்க வேண்டும். இது தனியாக எழுத வேண்டிய பெரிய விடயம். ஆனாலும் இதைச் செய்யாமல் வாடிக்கையாளரிடம் முழுப் பாதுகாப்பு என்று சொல்வது நேர்மையன்று.

வேறு வன்பொருளில்

இங்கேதான் படி 2 இல் சொன்ன பெயரின் பயன் தெரியும். பவர் இயந்திரத்தில் 'பெஃப்-கெஸ்ட்', ஐபிஎம் பெருங்கணினியில் 'எஸ்390-பிவி-கெஸ்ட்', இன்டெல்லில் 'டிடிஎக்ஸ்-கெஸ்ட்' என்று பொருளின் வகையை மாற்றி, எஸ்ஈவிக்கே உரிய அளவுருக்களை நீக்கி, அதே ஐடியைக் கொடுங்கள். பவரிலும் பெருங்கணினியிலும் இயந்திர வகையின் பெயர் இயல்பாகவே மாறும்; 'கான்ஃபிடென்ஷியல்-கெஸ்ட்-சப்போர்ட்=காப்பு0' மாறாது. டிடிஎக்ஸ் கியூஎமு 10.1 இலிருந்தே கிடைக்கிறது; அதற்கு 'கெர்னல்-இர்க்சிப்=ஸ்பிளிட்' என்பதையும் சேர்க்க வேண்டும். பெருங்கணினியில் கெஸ்டே தன்னைப் பாதுகாப்பு நிலைக்கு மாற்றிக்கொள்கிறது. ஆகவே அதன் துவக்கப் படிமத்தை முன்கூட்டியே அதற்கெனத் தயாரித்திருக்க வேண்டும். தெரிவு ஒன்றாகியிருக்கிறது, வன்பொருள்கள் ஒன்றாகிவிடவில்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்களின் கேள்விகளுக்குப் பின்

நிலாவெளியிலிருந்து எழுதிய மாணவர் ஒருவருக்கு, நினைவகப் பகுதியைப் பதிவுசெய்ய முடியவில்லை என்ற பிழையுடன் கியூஎமு நின்றது. எஸ்ஈவியில் கெஸ்டின் முழு நினைவகமும் ஹோஸ்டில் பூட்டப்படுகிறது. ஆதலால் சாதாரணப் பயனருக்குரிய பூட்டு வரம்பு போதாது. 'யூலிமிட் -எல்' மூலம் கெஸ்டின் நினைவக அளவைவிடச் சற்று அதிகமாக வரம்பை உயர்த்தியதும் இயங்கியது. இதே காரணத்தால் ஹோஸ்டின் நினைவகத்தைவிட அதிகமாகக் கெஸ்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும்.

கெஸ்டின் உள்ளே மறுதுவக்கம் கொடுத்தால் இயந்திரம் முழுவதுமாக அணைந்துவிடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எஸ்ஈவி-ஈஎஸ் நிலையில் பதிவேடுகளை ஹோஸ்ட் மாற்ற முடியாதென்பதால், நான் பயன்படுத்திய பதிப்புகளில் கியூஎமு அவற்றை மீளமைக்காமல் வெளியேறிவிடுகிறது. சிஸ்டம்டியில் 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' என்று வைத்தால் மீண்டும் துவங்கும்; அளவீட்டைச் சரிபார்க்கும் உரிமையாளர் அப்போது மறுபடியும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

எஸ்ஈவியின் அடுத்த நிலையான எஸ்ஈவி-எஸ்என்பிக்கு மாறுவோருக்கு: கியூஎமு 9.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு, ஹோஸ்டில் லினக்ஸ் 6.11 அல்லது அதற்குப் பிந்தியது, மூன்றாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய எபிக் ஆகியவை வேண்டும். பொருளின் வகை 'செவ்-எஸ்என்பி-கெஸ்ட்'. பாலிசி எண்ணின் அமைப்பு அங்கே வேறு என்பதால் 5 ஐ எடுத்துச் செல்லாமல் அந்த அளவுருவை நீக்கிவிட்டு இயல்புநிலையையே விடுங்கள். நினைவகத்துக்கு 'மெமரி-பேக்கெண்ட்-மெம்எஃப்டி' பொருளைக் கொடுத்து, ஓவிஎம்எஃப் கோப்பை பிஃபிளாஷ் வழியாக அல்லாமல் '-பயாஸ்' தெரிவின் வழியாகக் கொடுக்க வேண்டும்.