தமிழ்ப் பெயரை ஏற்காத படிவமும் பாதியில் அறுந்த முகவரியும்

எங்கள் பகுதி நூலகத்தின் கோடை வாசிப்பு முகாமுக்குப் பதிவுப் படிவம் ஒன்று செய்து கொடுத்தேன். முதல் நாளே ஒரு தாய் அழைத்தார். மகள் பெயரைத் தமிழில் எழுதினால் ‘எழுத்துகள் மட்டுமே’ என்று படிவம் மறுக்கிறதாம். அவர் எழுதியது எழுத்துகளைத்தானே! அதைச் சரிசெய்த விதம் இது. எச்டிஎம்எல்லில் படிவம் அமைக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், பெயருக்கு ஒரே கட்டம் போதும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்தால் ‘கு. அமுதா’ எதை எங்கே எழுதுவார்?

அடுத்தது பெயர்ச் சோதனை. இரண்டு நாள் நான் திணறியது இங்குதான். கணினி எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘அமுதா’ ஐந்து குறியீடுகள்: அ, ம, உகரக் குறி, த, துணைக்கால். இவற்றில் மூன்று ‘எல்’ என்னும் எழுத்து வகை. உகரக் குறியும் துணைக்காலும் ‘எம்’ என்னும் குறி வகை. நான் ரெகெக்ஸில் (எந்த எழுத்துகள் வரலாம் என்று சோதிக்கும் விதியில்) ‘எல்’ வகையை மட்டும் அனுமதித்திருந்தேன். ‘எம்’ வகையையும் சேர்த்ததும் பெயர் உள்ளே போனது. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியும் ‘எம்’ வகைதான். தலைப்பெழுத்துக்காக இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் மறக்காதீர்கள். உண்மையில், கட்டம் காலியாக இல்லையா என்று மட்டும் பார்ப்பதே நல்லது என்பேன். ஒருவரின் பெயர் சரியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

கைபேசி எண்ணுக்கு ‘நம்பர்’ வகை வேண்டாம். ‘டெல்’ வகையே சரி. இடைவெளி விட்டு எழுதினாலும் ஏற்றுக்கொண்டு, சர்வரில் நீக்குங்கள். கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும்.

இனி பக்கத்தின் இணைய முகவரி. பக்கத்துக்கு ‘நூலகக் கோடை வாசிப்பு முகாம் பதிவு’ என்று தலைப்பிட்டேன். அதிலிருந்து உருவான முகவரி, ‘முகாம்’ என்ற சொல்லின் நடுவே ‘முக’ என்று அறுந்து நின்றது. காரணம், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒன்றுக்கு ஒன்பது இடம். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்குவது 200 இடம். 22 குறியீடுகளில் தீர்ந்துவிடும். வெளியிடும் முன்பே ‘வாசிப்பு-முகாம்’ என்று சுருக்கிவிடுங்கள். ஆண்டைச் சேர்க்காதீர்கள், அடுத்த கோடையிலும் அதே பக்கம் உதவும்.

பின்சேர்க்கை: பழைய முகவரியை வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழையதிலிருந்து புதியதற்கு 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றம் கொடுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் இருக்கும் அந்தப் பழைய இணைப்பையே கைபேசியில் அழுத்திப் பாருங்கள். எனக்கு முதல் முறை அது முகப்புப் பக்கத்துக்குத்தான் போனது.