சொடுக்குகளை நம்பும் முன்: இணையவழிக் கல்வித் தரவை ஆராயத் தொடங்குவோருக்கு

எந்த மாணவர் படிப்பைப் பாதியில் விடுவார் என்பதை பாட இணையதளத்தில் அவர் செய்யும் சொடுக்குகளை (கிளிக்குகளை) வைத்தே முன்கூட்டிக் கணித்துவிடலாம் என்று பல கல்வி நிறுவனங்கள் நம்புகின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களே சோதிக்கலாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் 2013, 2014ஆம் ஆண்டு மாணவர் தரவை, பெயர்களை நீக்கி இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பைத்தான் நிரல்மொழியும், அதில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் (pandas) நிரல்தொகுப்பும் ஓரளவு தெரிந்தால் போதும்.

படி 1: ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். மாணவர் விவரக் கோப்பில் உள்ள 32,593 வரிசைகளும் தனித்தனி ஆட்கள் அல்ல, சேர்க்கைகள். இரண்டு பாடங்களில் சேர்ந்தவர் இரண்டு முறை வருவார். சொடுக்குக் கோப்பிலோ, ஒருவர் ஒரு நாளில் ஒரு பக்கத்தை எத்தனை முறை சொடுக்கினார் என்பது மட்டுமே இருக்கும். அச்சுப் புத்தகத்தை வைத்து இரவெல்லாம் படித்தவருக்கு அந்த நாளில் ஒரு பதிவும் இராது.

படி 2: இறுதி முடிவுவாரியாக மொத்தச் சொடுக்குகளின் சராசரியை எடுங்கள். விலகிய 10,156 சேர்க்கைகளின் சராசரி, தேர்ச்சி பெற்றவர்களுடையதைவிட மிகக் குறைவாக இருக்கும். இதைக் கண்டதும், குறைவாகச் சொடுக்கியதால்தான் விலகினார்கள் என்று முடிவுகட்டிவிடுவார்கள் பலர். தொடக்கநிலை ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரண்டாம் மாதத்தில் விலகியவர் மூன்றாம் மாதத்தில் எப்படிச் சொடுக்குவார்? விலகலின் விளைவையே நாம் காரணமாக எண்ணிவிடுகிறோம்.

படி 3: ஆகவே கணக்கை 28ஆம் நாளோடு நிறுத்துங்கள். நாள்கள் பாடம் தொடங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுகின்றன. எதிர்மறை எண்கள் தொடங்குவதற்கு முந்தைய நாள்கள். 28ஆம் நாளுக்குள் விலகியவர்களைப் பதிவுக் கோப்பிலுள்ள விலகல் தேதியைக் கொண்டு நீக்குங்கள். பாடத்துக்குப் பாடம் இணையப் பயன்பாடு மாறுவதால், ஒரே பாடத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். முன்பு கண்ட இடைவெளியில் மிஞ்சுவது எவ்வளவோ, அதைப் பற்றித்தான் நேர்மையாகப் பேச முடியும்.

படி 4: வசிக்கும் பகுதி எவ்வளவு பின்தங்கியது என்று காட்டும் நெடுவரிசை ஒன்று இருக்கிறது. அது மாணவரின் வருமானத்தைச் சொல்வதில்லை. அவர் வாழும் வட்டாரத்தின் நிலையையே சொல்கிறது. யார் விலகுவார் என்று நீங்கள் செய்யும் கணிப்பில் அதையும் சேர்த்தால், முகவரிக்காகவே ஒருவர்மீது ‘விலகக்கூடியவர்’ என்ற முத்திரை விழக்கூடும். என் கருத்தில், அதைக் கணிப்பிலிருந்து விலக்கி, தணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு வட்டார நிலையிலும், இறுதியில் தேறியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை உங்கள் கணிப்பு விலகுவார்கள் என்று தவறாகச் சொன்னது எனத் தனித்தனியே கணக்கிட்டு, அந்த அட்டவணையைக் கணிப்பின் துல்லியத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.