சமூகத் தோட்டத்துக்கு லோகோ: ஸ்டென்சிலிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் தோட்டத்துக்கு நான் முதலில் செய்த லோகோவில் மூன்று வகைப் பச்சை, ஒரு சூரியன், இரண்டு கைகள், நடுவில் ஒரு முளை. திரையில் அழகாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் அதைத் தீட்ட வந்த நண்பர் பிரஷ்ஷும் கையுமாக நின்று, "இதை நான் எப்படிங்க வரையறது?" என்றார். சரி என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை வேலை தலைகீழ்: ஸ்டென்சிலில், அதாவது வடிவத்தை வெட்டிய தாளை வைத்து மேலே பெயின்ட் அடிக்கும் முறையில், தொட்டியில் எது நிற்குமோ அதுதான் லோகோ.

1. படம்
ஒரே பொருள், ஒரே நிறம். கை இலையை ஏந்தியிருக்கும் படம் மட்டும் வேண்டாம், அது எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது கைப்பிடி உடைந்த பூவாளி. வரைந்ததை 2 செ.மீ. அகலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். விதை உறையில் அந்த அளவுதான் கிடைக்கும்.

2. எழுத்துரு
பெயருக்குப் பலூ தம்பி, மற்றதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டும் இலவசம். மெல்லிய கோட்டு எழுத்துருக்கள் பக்கமே போகாதீர்கள்.

3. ஸ்டென்சில்
நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிளாஸ்டிக் தாளில் 'தோட்டம்' என்று வெட்டினேன். தாளைத் தூக்கியதும் கொம்பின் சுழிக்குள் இருந்த துண்டு பொத்தென்று விழுந்தது. பெயின்ட் அடித்துப் பார்த்தால் சுழிக்குப் பதில் ஒரு பெரிய பொட்டு! ன, ண என்று சுழி மூடியிருக்கும் எழுத்து எதுவானாலும் இதே கதைதான். உள்துண்டு வெளித்தாளோடு ஒட்டியிருக்க ஒரு பாலம் விட வேண்டும்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' (எழுத்து வெறும் கோட்டு வடிவமாக, அதாவது பாத்தாக, மாறும்), ஆப்ஜெக்ட் மெனுவில் 'அன்குரூப்', அப்புறம் மறுபடி பாத் மெனுவில் 'யூனியன்' (எல்லாம் ஒரே வடிவமாகும்). பாலம் வர வேண்டிய இடத்தில் கோட்டின் குறுக்கே ஒரு செவ்வகம் வரைந்து மேலே வையுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து 'டிஃபரன்ஸ்' கொடுத்தால் செவ்வகம் இருந்த இடம் எழுத்தில் இடைவெளியாகிவிடும், வெட்டுப்படாத அந்த இடம்தான் தாளில் பாலம். நான் முதலில் 1 மி.மீ. பாலம் விட்டேன், இரண்டாவது தடவையே கிழிந்தது. இப்போது 4 மி.மீ. எல்லாப் பாலமும் ஒரே சாய்வில் இருந்தால், வேண்டுமென்றே செய்த அழகு போலத் தெரியும். பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் தாளுக்கு அடியில் கசியும்.

4. நிறம்
திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை, அச்சு மையில் வராது, மங்கித்தான் வரும். கரும்பச்சையே போதும். வெயிலில் நிற்கும் அச்சுப் பலகையில் பொதுவாகச் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், அதனால் முக்கியமான எழுத்தை அவற்றில் வைக்காதீர்கள்.

5. கோப்புகள்
கான்வா என்ற இணைய வடிவமைப்புத் தளம் வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கணக்கு வைத்திருந்தவர் குழுவைவிட்டுப் போனதும் எங்கள் பழைய போஸ்டர்களும் அவரோடு போய்விட்டன. இங்க்ஸ்கேப்பில் சேமித்த எஸ்விஜி கோப்பை (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படக் கோப்பு) குழுவின் பொதுக் கணக்கில் வையுங்கள்.

பின்சேர்க்கை: எஸ்விஜி கோப்பைத் தன் கணினியில் திறந்தால் பெயர் வேறு எழுத்துருவில் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த எழுத்துரு அவரிடம் இல்லை, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அனுப்ப, பாத் ஆக்கிய பிரதி. எழுத்தாகவே இருக்கும் மூலத்தையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாத் ஆக்கிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. எனக்கு ஒற்று விட்டுப்போனது அப்போதுதான் கண்ணில் பட்டது.