ஜெர்மன் மூதாதையரைத் தேடுவோர் வழிதவறும் இடங்கள்

நியூயார்க்கில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டுப் பெரும் செல்வந்தரான ஃபிரெட் டிரம்ப், தன் குடும்பம் சுவீடனிலிருந்து வந்தது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார். மகன் டொனால்டின் பெயரில் 1987-ல் வந்த நூலிலும் அதுவே அச்சானது. ஆனால் ஃபிரெட்டின் தந்தை ஃப்ரீட்ரிக் 1869-ல் பிறந்தது தென்மேற்கு ஜெர்மனியில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த கால்ஸ்டாட் என்ற கிராமத்தில். ஒரே தலைமுறையில் ஒரு குடும்பத்தின் பூர்வீக நாடே மாறிவிட்டது.

அமெரிக்காவில் இது அபூர்வம் அல்ல. இரண்டு உலகப் போர்களின்போதும் ஜெர்மானியர் என்று வெளியே சொல்லிக்கொள்ளப் பலர் தயங்கினார்கள். சுவிஸ், சுவீடன், ஹாலந்து என்று ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். பிள்ளைகள் அதையே நம்பி வளர்ந்தார்கள். போதாததற்கு, பழைய ஆங்கிலத்தில் ஜெர்மானியரையும் ‘டச்’ என்றே அழைத்தார்கள். பென்சில்வேனியாவில் அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நம்பினால் ஹாலந்தில் வீணாகத் தேட வேண்டியதுதான். எனவே வீட்டுக் கதையை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொய் என்று தூக்கி எறியவும் வேண்டாம். யார், எந்தக் காலத்தில், எதற்காக அப்படிச் சொன்னார்கள் என்று விசாரித்தால் அந்தக் கதையே ஒரு துப்பாகும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, பழைய காகிதத்தில் உள்ள நாட்டின் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடுவது. 1871-க்கு முன் ஜெர்மனி என்று ஓர் அரசே கிடையாது. 1815-ல் அமைந்த ஜெர்மன் கூட்டமைப்பில் மட்டும் 39 அரசுகள் இருந்தன. கால்ஸ்டாட்காரர் ஒருவருக்கு அமெரிக்கக் கணக்கெடுப்பில் ‘பவேரியா’ என்று எழுதியிருந்தால் நாம் பவேரியாவின் தலைநகர் மியூனிக் பக்கம் ஓடுவோம். அந்தக் கிராமமோ அங்கிருந்து வெகுதூரம் மேற்கே, ரைன் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. அந்த ஃபால்ஸ் பகுதி 1816-ல் பவேரிய மன்னரின் ஆட்சிக்குள் வந்ததுதான் காரணம். ஜெர்மன் அரசுகளில் இன்னொன்றான ‘பிரஷ்யா’ இதைவிடச் சிக்கல். மேற்கே ரைன் கரையிலிருந்து கிழக்கே கோனிக்ஸ்பெர்க் வரை, அதாவது இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட் வரை, அது பரந்திருந்தது. 1866-ல் ஹனோவர், நசாவ் என்ற அரசுகளையும் அது விழுங்கியது. அதனால் ஒரே மனிதர் 1860 கணக்கெடுப்பில் ஹனோவரிலும், 1870-ல் பிரஷ்யாவிலும், 1900-ல் ஜெர்மனியிலும் பிறந்தவராகத் தெரியலாம். மூன்று பேர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பிறந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, எல்லைதான் நகர்ந்தது.

‘ரஷ்யா’ என்று எழுதியிருந்தாலும் ஜெர்மன் குடும்பமாக இருக்கலாம். பேரரசி கேத்தரின் 1763-ல் விடுத்த அழைப்பை ஏற்று வோல்கா கரையில் குடியேறியவர்களின் வாரிசுகள், 1870-களில் கான்சாஸ், நெப்ராஸ்கா என்று மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். இவர்களுக்கு ஐரோப்பாவில் இரண்டு ஊர்களைத் தேட வேண்டும்.

அவசரப்பட்டுக் கடல் தாண்டுவது அடுத்த சறுக்கல். பெயரைத் தட்டினால் ஊரைக் காட்டும் தேசியப் பதிவேடு எதுவும் அங்கே இல்லை. அரசின் பிறப்புப் பதிவு ஜெர்மனி முழுவதற்கும் வந்ததே 1876-ல்தான். (ரைனின் இடக்கரையில் பிரெஞ்சு ஆட்சியால் 1798 முதலே உண்டு.) அதற்கு முன் எல்லாம் தேவாலயப் புத்தகங்கள், ஊருக்கு ஊர், சபைக்குச் சபை. ஊரும் தெரிய வேண்டும். லூதரனா கத்தோலிக்கரா என்பதும் தெரிய வேண்டும். அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதங்களில்தான் ஒளிந்திருக்கும்: ஜெர்மன் சபையின் திருமணப் பதிவு, கல்லறைக் கல், ஜெர்மன் மொழிச் செய்தித்தாளின் இரங்கல் குறிப்பு. 1906-க்கு முந்தைய குடியுரிமைக் காகிதத்தில் ஊர் இருப்பது அரிது. ஆனால் எந்த மன்னருக்கான விசுவாசத்தைத் துறந்தார் என்று இருக்கும். எந்த அரசில் தேடுவது என்பதற்கு அந்த ஒரு வரி பல நேரம் துப்புத் தரும்.

தாத்தாவை மட்டும் தேடாதீர்கள். தனியாக வந்தவர்கள் குறைவு. ஃப்ரீட்ரிக் போய் இறங்கியது ஏற்கெனவே நியூயார்க்கில் இருந்த அக்காள் வீட்டில். கெட்சப்புக்குப் பேர்போன ஹைன்ஸின் தந்தையும் அதே கால்ஸ்டாட்காரர்தான். உங்கள் ஆளின் காகிதத்தில் இல்லாத ஊர், அவருடைய தம்பியின் காகிதத்திலோ, பக்கத்து வீட்டுக்காரரின் காகிதத்திலோ, குழந்தையின் ஞானப்பெற்றோர் காகிதத்திலோ இருக்கும்.

பெயர் விஷயத்தில் ஒரு கட்டுக்கதையை விட்டொழிக்க வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்பார்கள். எல்லிஸ் தீவு திறந்ததே 1892-ல். ஜெர்மானியர் பெருவாரியாக வந்தது 1880-களில், அதற்கு முன்பிருந்த காசில் கார்டன் நிலையம் வழியாக. அதிகாரிகள் கையில் இருந்ததும் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியல்தான். 1885 அக்டோபரில் வந்த ஃப்ரீட்ரிக்கின் பெயர் ‘ட்ரும்ப்ஃப்’ என்று பதிவாகியிருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஆளை விட்டுவிடுவோம். ஃபால்ஸ் பேச்சில் P-யும் Pf-ம் மட்டுமல்ல, D-யும் T-யும்கூடக் குழம்பும். முதல் பெயரும் ஏமாற்றும்: அண்ணன் தம்பி எல்லோருக்கும் யோஹான் என்றே ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள், வீட்டில் அழைத்தது இரண்டாவது பெயரைச் சொல்லி. ஊரில் ‘யோஹான் கேயோர்க்’, அமெரிக்காவில் ‘ஜார்ஜ்’.

‘ஹாம்பர்க்’ என்று கண்டதும் சொந்த ஊர் கிடைத்துவிட்டதாக மகிழ வேண்டாம். பலருக்கு அது கப்பலேறிய துறைமுகம் மட்டுமே. ஹாம்பர்க்கின் 1850–1934 பயணிகள் பட்டியல்கள் நல்லவேளையாகத் தப்பியிருக்கின்றன. இன்னொரு ஜெர்மன் துறைமுகமான பிரேமனில் பழையவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. அங்கிருந்து வந்தவர்களுக்கு அமெரிக்காவின் வருகைப் பட்டியல்தான் கதி.

வெளியேற அரசு தந்த அனுமதிப் பதிவுகளில் பெயர் இல்லை என்றால் ஆள் அந்த ஊர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ராணுவச் சேவைக்குத் தப்பி, சொல்லாமல் கிளம்பியவர்கள் ஏராளம். அவர்களைக் கட்டாய ராணுவச் சேவைப் பட்டியல்களிலும் அபராதக் கோப்புகளிலும் தேடுங்கள். ஃப்ரீட்ரிக்கும் அப்படிப் போனவர்தான். பணம் சேர்த்துக்கொண்டு மனைவி, மகளோடு ஊர் திரும்பியபோது, அதைக் காரணம் காட்டி 1905-ல் வெளியேறச் சொன்னார்கள். இருக்க அனுமதி கேட்டு பவேரியாவின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசர் லூயிட்போல்டுக்கு அவர் எழுதிய கடிதம் ஆவணக் காப்பகத்தில் பிழைத்திருக்கிறது. குடும்பம் நியூயார்க்குக்கே திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபிரெட் பிறந்தார்.