பதிமூன்று கண் பாலத்தில் நெளிந்த தண்டவாளம்

செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதையை 2010-ல் மூடுவதற்கு முன் அதில் ஒரு தடவை போயிருக்கிறேன். 1904-ல் திறந்த பாதை. அந்த நினைப்பில்தான் அந்தப் பாதையிலுள்ள கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாகக் கட்ட ஆரம்பித்தேன். கல் தூண்கள், வளைவுகள், ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் எல்லாம் ஓரளவு ஒழுங்காக வந்துவிட்டன, ஆனால் தண்டவாளத்துக்கு அருகில் கேமராவைக் கொண்டுபோனால் அதன் விளிம்பு பல்பல்லாக, யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல இருந்தது.

முதலில் கிராபிக்ஸ் கார்டைத் திட்டினேன். பாவம், அது என்ன செய்யும்.

தப்பு என்னுடையது. மலையின் உயரத் தரவை யுடிஎம் ஆயத்தொலைவுகளோடு (ஓர் இடம் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே என்பதை மீட்டரில் சொல்லும் வரைபட முறை) அப்படியே ஏற்றியிருந்தேன். அந்த இடம் பூமத்திய ரேகையிலிருந்து கிட்டத்தட்ட 10 லட்சம் மீட்டர் வடக்கே இருக்கிறது, மென்பொருளோ ஒவ்வொரு எண்ணையும் 32 பிட் என்ற சின்ன இடத்துக்குள் அடக்கி வைக்கிறது, அவ்வளவு பெரிய எண்ணில் அதற்குத் தெரியும் மிகச் சின்ன இடைவெளியே 6 சென்டிமீட்டர், தண்டவாளத்தின் தலையே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தானே! அப்புறம் என்ன, பாலத்தின் நடுத்தூணைப் பூஜ்ஜியப் புள்ளியாக வைத்து, ஆயத்தொலைவுகளைக் கழித்து, தரவை மறுபடி ஏற்றினேன். விளிம்பு நேராகிவிட்டது.

படம் மட்டும் இன்னும் பொம்மை மாதிரியே தெரிந்தது. வானத்திலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு, பக்கத்துச் சாலையில் நிற்கும் ஆளின் கண் உயரமான 1.6 மீட்டருக்குக் கேமராவை இறக்கி, பின்னால் இருக்கும் மலைக்குக் கொஞ்சம் மூட்டம் போட்டேன். சரி, இப்போது பாலம் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கிறது.